உள்ளே இருப்பது

"போன் போனா போவுது தம்பி. உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக் குடுத்துடு."

அந்த அக்கா மேசைமேல் வைத்தது ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறைய அரிசி, அரிசிக்குள் புதைந்து ஒரு போன். தேவனாம்பட்டினத்தில் மீன் கூடையை வாங்கக் குனிந்தபோது மடியிலிருந்து நழுவிக் கடல் தண்ணீரில் விழுந்திருக்கிறது. தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட்டால் சரியாகிவிடும் என்று முதலில் கிளப்பிவிட்டவர் யாரோ, அவரால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு நாள் அரிசியில் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் கொண்டு வருவார்கள். அதற்குள் உப்பு போர்டைத் தின்று பச்சை பூக்க வைத்திருக்கும். சார்ஜ் போடும் ஓட்டையில் இரண்டு குருணை சிக்கியிருக்கும். அதையும் நான்தான் ஊசி வைத்து எடுக்க வேண்டும்.

கடலூர் முதுநகரில் பதினாறு வருஷமாகச் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "உள்ள இருக்கறது" என்ற வார்த்தையை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது பேட்டரி, போர்டு, ஸ்பீக்கர், அதிர்கிற குட்டி மோட்டார், பத்துப் பதினைந்து திருகாணி. இதில் எதையும் யாரும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பதை ட்வீசரால் பிடித்து எடுத்துக் கையில் கொடுக்க முடியாது.

பக்கத்துக் கடை அடகுக் கடை. மில்லிகிராம் வரை காட்டும் தராசு அங்கே உண்டு. வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானம், ஒரு மெமரி கார்டைக் காலியாக வைத்து நிறுத்தேன். பிறகு ஆயிரம் பாட்டு ஏற்றி நிறுத்தேன். எண் மாறவில்லை. அடகுக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாட்டுக்கு எட போடறியா, நகைக்கு எட போடறியா?" என்றார்.

மெமரி சிப்புக்குள் கோடிக்கணக்கான குட்டி அறைகள். ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்கள் அடைபட்டுக் கிடக்கின்றன, சிலதில் கூடுதலாக, சிலதில் குறைவாக. சுற்றிலும் மின்சாரம் கடக்காத சுவர் இருப்பதால் கரண்ட் இல்லாமலே வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். உங்கள் பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ என்பது, என் மேசைக் கணக்கில், எந்த அறையில் கூட, எந்த அறையில் குறைய என்கிற வரிசை. வரிசைக்கு எடை ஏது? பத்துப் பேரை உயரப்படி நிற்க வைத்தாலும் பெயர்ப்படி நிற்க வைத்தாலும் லாரி சுமக்கிற பாரம் ஒன்றுதான்.

இதோடு நின்றிருந்தால் எனக்குத் தலைவலி இல்லை. சில வருஷங்களாக வருகிற போன்கள் போட்டோவை அப்படியே எழுதுவதில்லை. பூட்டுப் போட்டு, கலைத்து எழுதுகின்றன. அந்தப் பூட்டுக்கான சாவி பிராசஸருக்குள். முன்பெல்லாம் போர்டு செத்துப்போனால் மெமரி சிப்பை மட்டும் ஹாட் ஏர் வைத்துப் பெயர்த்து வேறு இடத்தில் படித்துவிடலாம். இப்போது பெயர்த்தால், ஒரு எலக்ட்ரான்கூடக் குறையாமல் எல்லாம் சிப்பில் இருக்கும், போட்டோ இருக்காது. அதே பிராசஸரும் அதே மெமரியும் ஜோடி பிரியாமல் பத்து நிமிஷமாவது உயிர் பெற்று, சொந்தக்காரர் வந்து பேட்டர்ன் போட்டுத் திறந்தால்தான் உண்டு. பொருள் இருக்கிறது, பொருளின் வரிசையும் இருக்கிறது, ஆனாலும் அவர்கள் கேட்ட "உள்ள இருக்கறது" இல்லை. முதன்முறை இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதி, தொழில் போய்விடுமோ என்ற கவலை. மீதிக்குக் காரணம் ஐயா.

ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. இன்னமும் பட்டன் போன்தான். ஒருமுறை ரிப்பேர் செய்த போனைக் கொடுக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்ணையில் ஆறேழு பேர் உட்கார்ந்து சித்தாந்தம் படித்துக்கொண்டிருந்தார்கள். "ஒக்காரு தம்பி, மழை விட்டதும் போவலாம்" என்றார். மழை எப்போதோ விட்டது. எட்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சைவ சித்தாந்த வகுப்பென்றால் சிவனில் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். ஐயா ஆரம்பித்தது கடவுளே இல்லை என்பவனில். பண்ருட்டிப் பக்கத்தில் திருத்துறையூர் இருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் அந்த ஊரில் பிறந்த அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் முதல் பாதிக்குப் பரபக்கம் என்று பெயர். தன் கொள்கையை எடுப்பதற்கு முன்னால், மாற்றுக் கொள்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் வாதத்தை வைத்து, பிறகு மறுக்கிறார். வரிசையில் முதல் ஆள் உலகாயதன். பொருளைத் தவிர வேறொன்றும் இல்லை, உணர்வு என்பது பொருளின் சேர்க்கையில் வருவது என்பவன்.

ஐயாவுக்கு ஒரு பழக்கம். உலகாயதன் பாட்டு நடக்கிற அன்று அவர் உலகாயதனாகவே ஆகிவிடுவார். யார் மறுத்தாலும் மடக்குவார். "எதிராளி சொல்றத அவனவிட நல்லா சொல்லத் தெரியணும். இல்லன்னா நீ மறுக்கறது அவன இல்ல, நீயா கட்டி வெச்ச சோளக்கொல்லை பொம்மைய" என்பார். மறுக்கும் பாட்டுக்கு வரும்போதுதான் நெற்றியில் திருநீறு திரும்ப வந்தாற்போல் இருக்கும்.

அருணந்திக்குப் பல நூற்றாண்டு முந்தியது மணிமேகலை. வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயக்காரரையும் பார்த்து உன் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டு போகிறாள். அதில் பூதவாதி ஒருவன், நிலம் நீர் போன்ற பூதங்கள்தான் எல்லாம் என்பவன். அவன் சொல்வது எனக்கு மனப்பாடம்: தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் இன்னும் சிலதையும் கூட்டிப் போட்டால், தனித்தனியாக எதிலும் இல்லாத போதை பிறக்கிறது. அப்படித்தான் பூதங்கள் கூடுமிடத்தில் உணர்வு தோன்றுகிறது. பிரிந்தால், அடித்த பறையின் ஓசை அடங்குவதுபோல அடங்கிவிடும். புதுச்சேரிக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இந்த உவமையின் வலு தெரியாமல் இருக்குமா? வகுப்பில் எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் யோசித்துப் பார்த்தால், வரிசை என்று நான் மேலே சொன்னதைத்தான் அவன் கூட்டு என்கிறான். எலக்ட்ரானில் போட்டோ இல்லை, கூட்டில் போட்டோ இருக்கிறது.

மணிமேகலை அவனை மடக்குவதாக அடுத்து வருகிறது. கண்ணால் கண்டதை மட்டும் ஏற்பேன், ஊகத்தை ஏற்கமாட்டேன் என்கிறாயே, உன் தாய் தந்தையை ஊகித்தல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்கிறாள். வகுப்பில் கைதட்டாத குறை. நான் மட்டும் கையைத் தூக்கினேன். "ஐயா, அடி விழுந்தது அவன் அளவை மேல, அதான் எத வெச்சு ஒண்ண அறியறதுங்கற கணக்கு மேலதானே? பூ, வெல்லம் வாதத்து மேல விழவே இல்லியே?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா. விழல. அத நீயா பாத்ததுக்கு ஒரு காபி" என்றார்.

எனக்கு அதிர்ச்சி கொடுத்தது உலகாயதன் இல்லை, சித்தாந்தம்தான். உடம்பு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம், உடம்பு சடம், மனசு ஆவி மாதிரி ஒன்று என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். பிரெஞ்சுக்காரர் தெக்கார்த்து பதினேழாம் நூற்றாண்டில் போட்ட கோடும் கிட்டத்தட்ட அதுதான். இடத்தை அடைக்கும் பொருள் வேறு, நினைக்கும் பொருள் வேறு. 1643இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதி ஒரே கேள்வி கேட்டாள். இடத்தையே அடைக்காத ஒன்று, இடத்தை அடைக்கிற கையை எப்படி ஐயா நகர்த்தும்? தொடாமல் தள்ள முடியுமா? அவர் எழுதிய பதில்கள் இளவரசிக்குத் திருப்தி தரவில்லை. எனக்கும் தரவில்லை.

சித்தாந்தம் கோட்டை வேறு இடத்தில் போடுகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் இந்த நாலும் அந்தக்கரணம், அதாவது உள்ளே இருக்கும் கருவி. கண்ணும் காதும் எதிலிருந்து வந்தனவோ அதே மாயையிலிருந்து வந்தவை. மாயை என்றால் இங்கே பொய்த்தோற்றம் என்று அர்த்தமில்லை, உலகத்துக்கு மூலப்பொருள். குடத்துக்கு மண் போல. ஆக மனசும் சடம். நுட்பமான சடம், அவ்வளவுதான். கோடு மனசுக்கும் உடம்புக்கும் நடுவில் இல்லை, மனசுக்கும் அதை வைத்துக்கொண்டு அறிகிற உயிருக்கும் நடுவில்.

"அப்போ என் கடையில இருக்கற சாப்ட்வேரும் ஹார்ட்வேர்தான்னு சொல்றீங்க" என்றேன்.

"நீயே சொன்னியே, எலக்ட்ரான் வரிசைன்னு. வரிசையும் எலக்ட்ரானும் ரெண்டும் அந்தப் பக்கம். பாக்கறவன் இந்தப் பக்கம்."

பூட்டுப்போட்ட சிப் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐயா அன்று சொன்ன ஒரு கதையை இங்கே சொல்லாமல் தாண்ட மனசில்லை. அருணந்தி சகல ஆகமமும் படித்த பெரியவர். திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் என்கிற சிறு பிள்ளையிடம் தன் மாணவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, சோதித்துப் பார்க்கக் கிளம்பிப் போகிறார். அப்போது பாடம் ஆணவ மலம், அதாவது உயிரின் அறிவை மூடியிருக்கும் அழுக்கு. "அந்த ஆணவத்துக்கு வடிவம் என்ன?" என்று அருணந்தி கேட்கிறார். பிள்ளை வாய் திறக்கவில்லை. விறைத்து நிற்கிற பெரியவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். அருணந்தி காலில் விழுந்துவிட்டார். நடந்ததோ நடக்கவில்லையோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு கருத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றால் காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கேட்டதில்லை.

அதே திண்ணையில் ஒருநாள் நாவுக்கரசர் பேச்சு வந்தது. பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர், சமணராகிப் பாடலிபுத்திரத்து மடத்தில் தருமசேனராக இருந்தவர். அந்தப் பாடலிபுத்திரம் எங்கள் திருப்பாதிரிப்புலியூர் என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்வது. அத்தனை நூல் கற்றவரைத் திருவதிகைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது எதிர்வாதம் எதுவும் இல்லை, சூலை நோய். வயிற்றுவலி. கொள்கை மாறியது வயிற்றில் என்று சொன்னால் பூதவாதி துள்ளிக் குதிப்பான். பக்தர்கள் அதையே ஆண்டவன் கொடுத்த வலி என்பார்கள். ஒரே சம்பவம், இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறது. இந்த விஷயத்தில் எல்லாச் சாட்சிகளும் இப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் வகுப்பில் நாங்கள் நாலு பேர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு திருவக்கரைக்குப் போனோம். புதுச்சேரியிலிருந்து வடமேற்கே வண்டியில் ஒரு மணி நேரம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடுவார்கள். நாங்கள் மூன்று மணி நேரம் இருந்தோம். செம்மண் மேட்டில் அடிமரங்கள் கிடக்கின்றன, படுத்த யானை மாதிரி. பட்டை தெரிகிறது, நார் ஓடிய வரி தெரிகிறது, கிளை ஒடிந்த இடத்தில் முடிச்சு தெரிகிறது. விரல் கணுவால் தட்டினால் டங் என்கிறது. வெயிலில் கை சுடுகிறது. இரண்டு கோடி வருஷம் ஆனதாகச் சொல்கிறார்கள். வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள். மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் புகுந்து, மரம் போகப் போக அந்தந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டது. புவியியல்காரர்கள் அந்தப் பாறை அடுக்குக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயர் இப்படியும் ஒரு இடத்தில் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எனக்கு நகர மனசு வரவில்லை. மரம் என்று நான் தொட்டதில் மரம் துளிகூட இல்லை. பொருள் மொத்தமும் மாறிவிட்டது, வடிவம் மட்டும் நிற்கிறது. அரிஸ்டாட்டில் பொருள், வடிவம் என்று இரண்டாகப் பிரித்தார் என்று படித்தபோது புத்தகத்துக்காகப் பிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இங்கே பூமியே பிரித்து வைத்திருந்தது. பழைய போனிலிருந்து புது போனுக்கு நான் தினம் பத்து ரூபாய் கேபிளில் செய்கிற வேலையை ஒரு ஆற்று மணல் அவசரமில்லாமல் செய்திருக்கிறது.

அங்கே நின்றுதான் எனக்கென்று ஒரு கருத்து உருவானது. வடிவம் எதிலாவது இருந்தே ஆகவேண்டும், மரத்திலோ சிலிக்காவிலோ எலக்ட்ரானிலோ. ஆனால் இன்னதில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பொருள்தான் எல்லாம் என்பவர் இரண்டாவதை மறக்கிறார், கருத்துக்கென்று தனி உலகம் உண்டு என்பவர் முதலாவதை மறக்கிறார். பெருமையோடு ஐயாவிடம் சொன்னேன்.

அவர் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு அடிமரங்களைக் காட்டினார். "இது ரெண்டும் விழுந்தப்போ மனுஷன் இருந்தானா?"

"இல்லீங்க ஐயா."

"விழுந்தது எத்தினி?"

"ரெண்டு."

"அந்த ரெண்டு எதுல இருந்துது?"

மரத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது. இந்த மரம் ஒன்று, அந்த மரம் ஒன்று, இரண்டு எந்த மரத்திலும் இல்லை. மனசில் இருந்தது என்றால், மனசே அப்போது இல்லை. ஃப்ரேகே என்ற ஜெர்மன் கணக்காசிரியர் 1884இல் எழுதிய நூலில் இன்னொரு பக்கமிருந்து இதையே இறுக்குகிறார். எண் என்பது மனசுக்குள் இருக்கும் நினைப்பு என்றால், என் இரண்டு வேறு, உன் இரண்டு வேறு என்றாகிவிடும், கோடிப் பேருக்குக் கோடி இரண்டு. அப்புறம் கடையில் சில்லறை வாங்குவது எப்படி?

நம்மவர்களும் இதை விடவில்லை. வைசேடிகர்கள் என்ற பழைய தத்துவக் கட்சிக்காரர்கள், குடத்தன்மை என்பது ஒரே ஒரு பொருள், அது உலகத்திலுள்ள எல்லாக் குடத்திலும் தங்கியிருக்கிறது என்றார்கள். சாமானியம் என்று பெயர். பௌத்தர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குடம் என்ற சொல்லுக்குக் குடம் அல்லாததை விலக்குவதுதான் வேலை, அதற்குப் பின்னால் குடத்தன்மை என்று எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை என்றார்கள். பல நூற்றாண்டுச் சண்டை. எனக்குப் பௌத்தர் பக்கம் சாய்வு உண்டு. "சார்ஜர் குடுங்க" என்று யார் கேட்டாலும் நான் முதலில் செய்வது, எந்தெந்தச் சார்ஜர் இல்லை என்று தள்ளிக்கொண்டே போவதுதான். ஆனால் திருவக்கரையில் கிடந்த அந்த இரண்டைத் தள்ள வழி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் புதுச்சேரியில் காபிக்கு இறங்கியபோது அரவிந்தர் ஆசிரமத்துக்கும் ஒரு நடை போய்வந்தோம். 1910 ஏப்ரல் 4 அன்று வந்து இறங்கியவர், 1950 டிசம்பரில் காலமாகும்வரை ஊரைவிட்டுப் போகவில்லை. ஆவி இல்லை என்று மறுக்கும் பொருள்முதல்வாதி, உலகம் இல்லை என்று மறுக்கும் துறவி இந்த இரண்டு மறுப்பையுமே அவர் ஏற்கவில்லை. சடத்துக்குள்ளேயே உணர்வு ஒடுங்கிக் கிடக்கிறது, அதனால்தான் வெளிப்பட முடிகிறது என்றார். முதல் பாதி எனக்கு மெத்தச் சரி. மனசுக்கு மேலே அவர் கட்டும் படிக்கட்டு, அதற்குமேல் இன்னொரு படி என்று போகப் போக, நான் கீழேயே நின்றுவிட்டேன். அந்த நீளமான வாக்கியங்களும் ஒரு காரணம், ஒளிப்பானேன்.

இதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற வரைக்கும் சுகம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலை, அப்பாவின் கடைவாயில் காபி ஒழுகியது. பேச்சு குழறியது. சர்க்கரைக்காரர், சர்க்கரை இறங்கிவிட்டது என்று நானே முடிவு செய்து, சர்க்கரைத் தண்ணி கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுக் கடை திறக்கப் போனேன். அந்தத் தப்பு என்னுடையது. மத்தியானம் முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் ரிப்பேர், வேற எங்கயாவது போங்க என்றார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பென்றால் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் அடுத்த இடம் சேர்ந்தபோது ஏழு மணி நேரம் தாண்டியிருந்தது.

இடது மூளை. வலது கை, வலது கால், பேச்சு. கால் ஆறு மாதத்தில் ஓரளவு திரும்பியது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: "சாவி." தண்ணிக்கும் சாவி, வலிக்கும் சாவி, என்னைக் கூப்பிடவும் சாவி. ப்ரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர் 1861இல் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறார். அந்த மனிதருக்கு வந்தது "தான்" என்ற ஒரே அசை. அவர் இறந்தபின் மூளையைத் திறந்தபோது இடது முன்பக்கத்தில் சேதம். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பதற்குக் கிடைத்த பெரிய சாட்சி அது. எனக்கு அதைப் படிக்க 1861 வரை போக வேண்டியிருக்கவில்லை.

அப்பா முதுநகரில் ஒரு தானிய மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். கால், அரை, முக்கால் வாய்ப்பாடெல்லாம் தூக்கத்தில் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் "எத்தன இட்லி வேணும்ப்பா?" என்றால் வாய் "சா" என்று தொடங்கும். உடனே இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு." நின்றுவிடுவார். கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நாலு இட்லி. நாலைத் தனியாக எடுக்க அவருக்கு வழி இல்லை. ஒன்றிலிருந்து நடந்து போனால், நாலு வந்ததும் அடையாளம் தெரிந்து இறங்கிக்கொள்வார், பஸ்ஸில் நிறுத்தம் பார்த்து இறங்குகிற மாதிரி.

ஐயா பார்க்க வந்திருந்தார். அப்பா நெற்றியில் அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார்: "பாத்தியா, கருவிதான் பழுது. இது நான் சொல்ல வந்தது இல்லன்னு உள்ள ஒருத்தருக்குத் தெரியுது பாரு."

எனக்கு அன்று கோபம் வந்தது. ஐயாவிடம் முதலும் கடைசியுமாகக் குரலை உயர்த்தினேன். "டாக்டரக் கேட்டா, பேசற எடம் போச்சு, சரி பாக்கற எடம் மிச்சம் இருக்குதுன்னு சொல்வார் ஐயா. அந்த எடத்துலயும் அடைப்பு வந்துதுன்னா, அந்த ஒருத்தருக்குத் தெரியுமா?"

அவர் மழுப்பவில்லை. "தெரியாது. கருவி இல்லன்னா உயிருக்கு ஒண்ணும் தெரியாது. அந்த நெலைக்குக் கேவலம்னு பேரு வெச்சு சித்தாந்தமே அதத்தான் சொல்லுது. இருக்கும், அறியாது."

அப்புறம் பல நாள் யோசித்தேன். அப்படியானால் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நிற்கிற உலகாயதனும் சித்தாந்தியும், கண்ணால் காணக்கூடிய எதிலும் சண்டை போட மாட்டார்கள். ரத்தக்குழாய் அடைத்தால் சொல் போகும், இன்னொன்று அடைத்தால் நினைவு போகும், எல்லாம் அடைத்தால் எல்லாம் போகும். இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். ஒருவர் பறை ஓசை அடங்கிற்று என்பார். இன்னொருவர் வாசிப்பவர் கையில் பறை இல்லை என்பார். எதைக் காட்டி இவர்களில் ஒருவரை வாயடைக்க வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவிடமே கேட்கலாம் என்றால் "சாவி" என்பார். போன தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். வடலூர் ஜோதி பார்க்க வருஷா வருஷம் போனவர். ஏழு நிறத் திரை ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரிகிற அந்த நொடி நேரத்துக்காக நாலு மணி நேரம் கூட்டத்தில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர். வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையை அமைத்தபோது, அறிவை மறைப்பது எது என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்காமல் துணியில் திரை தைத்துத் தொங்கவிட்டார். அப்பாவுக்கு அது போதும். திரைக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டபோதெல்லாம் "மொதல்ல பாருடா" என்பார்.

சரி, அக்காவின் போனுக்கு வருகிறேன்.

போர்டை எடுத்து ஐபிஏ என்கிற ஆல்கஹாலில் நனைத்து, மெல்லிய பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து எடுக்க ஒன்றரை மணி நேரம். மல்டிமீட்டரை வைத்தால் பேட்டரி லைனில் பீப். ஷார்ட். ரோசின் என்கிற பிசினின் புகையைக் காட்டினேன். போர்டு முழுக்க வெள்ளைப் படலம் படிந்தது, பனி விழுந்த மாதிரி. குறைந்த வோல்ட்டில் கரண்ட் கொடுத்ததும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் படலம் உருகிக் கண்ணாடியாயிற்று. கடுகில் பாதி இருக்கும் ஒரு கெப்பாசிட்டர். அதைப் பிடுங்கியதும் பீப் நின்றது. வேறு டிஸ்ப்ளேயும் பேட்டரியும் மாட்டி, பவரை அழுத்தினேன். கம்பெனி பெயர் வந்தது. அக்காவை வரச் சொல்லி போன் போட்டேன்.

பேட்டர்ன் போட்டுத் திறந்தார். கோயில், பேரன், கல்யாணம் என்று நான் எதிர்பார்த்த போட்டோக்கள் எல்லாம் இருந்தன. அக்கா எதிலும் நிற்காமல் விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இதான்" என்று நிறுத்தியது ஒரு கோடு போட்ட நோட்டின் படம். பதினோரு பக்கம். குலுக்கல் சீட்டுக் கணக்கு. இருபது பேர், மாசம் ஆயிரம், யார் எடுத்தாயிற்று, யார் பாக்கி. நோட்டு கார்த்திகை மழையில் ஊறிக் கூழாகிவிட்டதாம். அதற்கு முன்னால் மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

பத்துப் பக்கம் கம்ப்யூட்டருக்கு வந்தது. கடைசிப் பக்கம் பாதிதான். மேல் பாதி எழுத்து, கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். மறுபடி எடுத்துப் பார்ப்பதற்குள் போர்டு மொத்தமாக அணைந்துவிட்டது. அதன்பிறகு வரவேயில்லை.

"கீழ வரலக்கா" என்றேன்.

அக்கா திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். "ஆறு பேரு. சரி வுடு, அவங்கவங்களயே கேட்டுக்கறேன். எவ்ளோ கட்டினோம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"மாத்திச் சொன்னாங்கன்னா?"

"எப்படி மாத்துவாங்க? மத்த பதினாலு பேரும் அங்கதான இருந்தாங்க." நான் ஏதோ புத்தி மட்டான கேள்வி கேட்டுவிட்டதுபோல் பார்த்தார்.

ஐந்நூறு ரூபாய் சொன்னேன். மடியிலிருந்து முந்நூறு எடுத்து வைத்தார். "மீதி எரநூறு வெள்ளிக்கெழம." பாக்கி நோட்டை எடுக்க மேசை இழுப்பறைக்குக் கை போனது. பிறகு வேண்டாம் என்று மூடிவிட்டேன். செத்த போனை என்னிடமே விட்டுவிட்டு, அரிசிப் பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.